சுவரை விட்டு வராத தாள்

தாள் வரவில்லை.

நான் மேல் மூலையைப் பிடித்து இழுத்தேன். ரேணுகா கீழ் மூலையை நகத்தால் கிளறினாள். கூட நின்ற மற்றப் பெண்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தாள் அசையவில்லை. கோயில் சுவரோடு சுவராகக் காய்ந்துபோய், தட்டினால் அப்பளம் மாதிரி சத்தம் போட்டது.

இடம் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேருகிற இடம். சேருகிறது என்பதெல்லாம் மரியாதைக்குச் சொல்வது. நாங்கள் போன அன்றைக்கு மூன்றும் வெறும் மணலாகத்தான் சேர்ந்து கிடந்தன. காற்று மட்டும் வெள்ளம் மாதிரி வந்தது.

நாங்கள் காஞ்சிபுரத்தில் பி.ஏ. வரலாறு, இரண்டாம் ஆண்டு. அந்தக் கோயில் சுவரில் நீளமான சோழர் காலக் கல்வெட்டு இருக்கிறது. அதில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் படி எடுக்க எங்கள் மேடம் அனுமதி வாங்கியிருந்தார். கல்லைச் சுத்தம் செய்து, தாளைத் தண்ணீரில் நனைத்து ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். மேலே மையை ஒற்றினால் மேடு கறுப்பாகும், எழுத்து வெள்ளையாக நிற்கும். காய்ந்ததும் உரித்து எடுக்கலாம்.

எங்களுடையது உரிந்து வரவில்லை. காரணம் ரேணுகா.

"ஏய், இன்னாடி பண்ணின?" என்றேன்.

"கஞ்சி போட்டேன்" என்றாள்.

### நூல் நிற்கும், தாள் நிற்காதா?

ரேணுகா வீட்டில் பட்டுக்குப் பாவு போடுவார்கள். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல். காலையில் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நூலை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, காய வைத்து விறைப்பாக்குவார்கள். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்தவள் அவள். திருமுக்கூடலில் தாளை ஒட்ட ஒட்ட ஆற்றுக்காற்று பிய்த்துக்கொண்டு போனது. இரண்டு தாள் கிழிந்தது. மேடம் மறுபக்கம் இருந்த பெண்களுக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். ரேணுகா தன் பையிலிருந்து ஒரு வாட்டர் பாட்டிலை எடுத்தாள். குடிக்கிற தண்ணீர் என்றுதான் நான் நினைத்தேன்.

"காத்து அடிக்கும்னு எனக்குத் தெரியும்பா. அதான் வீட்டுலருந்தே எடுத்தாந்தேன். பட்டு நூலே கஞ்சி போட்டா வெறைப்பா நிக்குது, தாள் நிக்காதா?"

நின்றது. நன்றாகவே நின்றது. மையும் அருமையாக விழுந்தது. ஒவ்வொரு எழுத்தும் முத்து மாதிரி தெரிந்தது. நாங்கள் கை தட்டினோம். கீபேட் போனில் படம் எடுத்தோம். அதன் பிறகுதான் உரிக்கப் போனோம்.

உலகத்தில் வேறு எந்த ஊர் வரலாற்று மாணவியும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள். காஞ்சிபுரத்துக்காரி மட்டும்தான் செய்வாள்.

### ஷேர் ஆட்டோக்காரருக்குச் சொன்னது

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், போன வாரம் ஐயம்பேட்டையிலிருந்து வரும்போது ஷேர் ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அவர் பெண் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாளாம்.

"காலேஜுக்கு அனுப்பி இன்னா மேடம் கெடைக்கப் போவுது? டிகிரி முடிச்சவன் எல்லாம் சோத்துப் பொட்டலம் தூக்கிக்கினு பைக்ல சுத்திக்கினு இருக்கான்."

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் வரும். இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். புதிதாக வருகிறவர்களும் சீக்கிரம் தெரிந்துகொள்வீர்கள். ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி, அவர் பக்கம் போய் நின்றேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் நேரமாகிறது என்று முனகினார்கள். முனகட்டும்.

"காலேஜ் முடிச்சவனுக்கு வேலை இல்லன்னா வேலை குடுக்காதவனைப் போய்க் கேளு. காலேஜை ஏன் திட்டற? உன் பொண்ணு அங்க போய் இன்னா ஆவான்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ போனியா?"

"போகலியே மேடம்" என்றார் பாவம்.

நான் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறேன். அதனால்தான் அந்த 'மேடம்'. அந்த வேலையைக் காட்டி, பார், காலேஜ் கொடுத்தது என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காலேஜ் எனக்குக் கொடுத்தது என்ன என்று எனக்குத் தெரிந்தபோது வேலை என்ற ஒன்று கண்ணுக்கெட்டிய தூரத்திலேயே இல்லை. அதைத்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பின்னால் பஸ் ஹாரன் அடித்ததால் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

### வேனில் ஒரு சீட்

எங்கள் வீடு முசரவாக்கத்தில். என் தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அப்பா பெயிண்ட் அடிக்கப் போனார். அம்மா காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் வேலை பார்த்தாள். வாங்க வருகிறவர்கள் பிரித்துப் போட்டு, பிடிக்கவில்லை என்று எழுந்து போவார்கள். அந்தப் புடவைகளை எல்லாம் திரும்ப மடித்து வைப்பதுதான் அம்மாவின் வேலை.

அப்போது எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வாசலுக்கே வேன் வரும். காலேஜுக்கு நான் பஸ் ஏறுகிற அதே இடத்தில் அந்த வேனும் நிற்கும். என்னோடு பத்தாவது படித்தவள் ஜன்னல் வழியாகக் கை காட்டுவாள். "இன்னும் எத்தினி வருசம்டி படிப்ப?" என்று கத்துவாள்.

வேனுக்கு ஆள் சேர்த்துவிடுகிறவர் பெயர் சேகர். அவர் அம்மாவிடம் ஒரு சீட் காலியாகிறது என்று சொல்லிவிட்டார். ஒருத்திக்குக் கல்யாணமாம். அந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அம்மா என்னை உட்கார வைத்துக் கேட்டாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"ரெண்டு வருசம் ஆவப் போவுது. நீ அங்க போய் இன்னா கத்துக்கினன்னு எனக்குக் காட்டு. தறிக்காரன்கூட ரெண்டு வருசத்துல ஒரு புடவைய நெய்ஞ்சி காட்றான். நீ இன்னா காட்டுவ?"

நான் கத்தினேன். அம்மாவும் கத்தினாள். அப்பா வெளியே போய் பீடி பற்ற வைத்தார். கடைசியில் அம்மா சொன்னாள், "சரி, மாசம் முடியறதுக்குள்ள காட்டு. இல்லாட்டி சேகருகிட்ட சரின்னு சொல்லிடுவேன்."

எதைக் காட்டுவது? மார்க் ஷீட்டைக் காட்டினால் அம்மா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்னால் ஒன்றும் இல்லையா என்பாள்.

### டம்ளர்

காட்ட முடியாதவை நிறைய இருந்தன.

ரேணுகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். காலேஜ் இல்லையென்றால் அவளும் நானும் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டோம். அவள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்கள் ஆட்கள் அந்தத் தெருவுக்குப் போனால் ஏதாவது வேலைக்காகத்தான் போவோம். முதல் தடவை அவள் வீட்டுக்குப் போனபோது, அவள் அம்மா எந்த டம்ளரில் எனக்குத் தண்ணீர் தருகிறார் என்று பார்த்தேன். ஏன் என்று சிலருக்குப் புரியாது. புரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

அவர் "ராம்மா" என்று தெலுங்கில் உள்ளே கூப்பிட்டு, வீட்டில் எல்லோரும் குடிக்கிற அதே எவர்சில்வர் டம்ளரில் மோர் கொடுத்தார். அது போதாதென்று, "இன்னா இவ்ளோ ஒல்லியா இருக்குற?" என்று தட்டு நிறைய சோறும் போட்டார். நான் சாப்பிட்ட தட்டை நானே கழுவ எழுந்தேன். "உக்காரு, இங்க கழுவறதுக்குன்னே ஒருத்தி இருக்கா" என்று ரேணுகாவைக் காட்டினார். ரேணுகா அன்றைக்கு என்னை முறைத்த முறைப்பை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

இதை அம்மாவிடம் எப்படிக் காட்டுவது?

இன்னொன்று, 'எங்கே இருக்கிறது, காட்டு' என்று கேட்கிற வியாதி. அது மேடம் வகுப்பில் தொற்றியது. யார் எதைச் சொன்னாலும், நீ சொல்வதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே இருந்ததில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி போய்விட்டது. "இந்த வீட்டுல நான் சொல்றதுதான் சட்டம்" என்று அப்பா ஒரு நாள் சொல்ல, எந்தச் சட்டம் என்று கேட்டேன். அவர் சாப்பாட்டை முடிக்காமலே எழுந்துவிட்டார். அம்மா சிரிப்பை முந்தானையில் அமுக்கிக்கொண்டாள்.

### கோயில் சுவரில் துப்பட்டா

திருமுக்கூடலுக்குத் திரும்புவோம். தாள் சுவரில்.

எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. கிழித்து எறிவது. ஒரு மூலையை மடித்து இழுக்கப் போனேன். ரேணுகா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாம்டி ஸ்டெல்லா. கல்லு மேல இருக்குற பொருக்கும் சேந்து பேந்து வந்துடும். ஊற வெக்கலாம். கஞ்சிதானே, ஊறினா வுடும்."

"எவ்வளவு நேரம்?"

"ஊறுற வரைக்கும்."

இப்படிப் பதில் சொல்கிற ஆட்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் வேறு வழியில்லை. தண்ணீரை ஊற்றினால் வெயிலில் உடனே காய்ந்தது. ஒருத்தி தன் துப்பட்டாவைக் கழற்றினாள். பிறகு எல்லோரும் கழற்றினோம். குழாயடியில் நனைத்து, தாளின் மேல் போர்த்தி, ஆளுக்கு ஒரு பக்கம் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றோம். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று சுவர் பூராவும் துப்பட்டா.

காவலுக்கு இருந்தவர் ஓடி வந்தார். "இன்னாமா இது? கோயில் செவுத்துல துணி காய வெக்கறீங்க?"

"காய வெக்கல அண்ணா, ஊற வெக்கறோம்" என்றாள் ரேணுகா.

மேடம் வந்து பார்த்தார். முகம் போன போக்கில், இனி காலேஜ் பக்கமே வர வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். அவர் பாட்டிலை வாங்கி முகர்ந்தார். "பழைய கஞ்சியா, புதுசா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அவரும் ஒரு பக்கம் கை வைத்து நின்றார்.

நான் நின்ற இடத்தில் என் மூக்குக்கு நேராகத் தாள் மூடாத கல் இருந்தது. கையை எடுக்க முடியாது, நகர முடியாது, சண்டை போடவும் ஆள் இல்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் செய்யாமல் நின்றேன். செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் எதிரில் இருந்த எழுத்துகளைப் பார்த்தேன்.

வகுப்பில் அந்தப் பழைய எழுத்துகள் எனக்குப் புழு மாதிரிதான் தெரியும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன். அன்றைக்கு வெயில் சாய்வாக விழுந்ததில் ஒரு எழுத்து எழுந்து நின்றது. அது 'ச' தானே? பக்கத்தில் 'னி'. சனி. அடுத்தது எண்ணெய்.

"ரேணு! சனிக்கிழமை எண்ணெய்டி!"

"இன்னாது?"

"இங்க எழுதியிருக்குதுடி! சனிக்கிழமைக்கு எண்ணெய்!"

மேடம் தலையைத் திருப்பி, "மேல படி" என்றார்.

தட்டுத் தடுமாறிப் படித்தேன். தெரியாத இடத்தில் மேடம் எடுத்துக் கொடுத்தார். அந்தக் காலத்தில் அந்தக் கோயிலோடு சேர்ந்து பிள்ளைகள் தங்கிப் படிக்கிற இடம் ஒன்று இருந்திருக்கிறது. அவர்களுக்குச் சாப்பாடு, படுக்கப் பாய், விளக்கெரிக்க எண்ணெய், சனிக்கிழமை தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய். ஆஸ்பத்திரி ஒன்றும் இருந்திருக்கிறது. எல்லாம் என் மூக்குக்கு நேரே, கல்லில்.

கேட்டுப் படித்ததில்லை அது. நானே என் கண்ணால் படித்தது. அந்தச் சந்தோஷத்தை எதோடு ஒப்பிடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பசி வேளையில் மூங்கில் குடலையில் வெந்த கோயில் இட்லியை வாழையிலையில் சூடாக வைத்த மாதிரி என்று சொல்லலாம். அதுவும் போதாது.

தாள் கடைசியில் கூழாகி வந்தது. கல்லைத் துளி கஞ்சி இல்லாமல் கழுவினோம். காற்று அடங்கியபின் வெறும் தண்ணீரில், நான் படித்த இடமும் சேருகிற மாதிரி, புதிதாக ஒட்டி எடுத்தோம். அது சரியாக வந்தது. மை கறை படிந்த ஈரத் துப்பட்டாக்களோடு பஸ் ஏறினோம். கண்டக்டர் எங்களைப் பார்த்து, "ஆத்துல தண்ணி வந்துடுச்சாம்மா?" என்று கேட்டார்.

### கடைக்கு வருகிறவர்

அந்தப் படியை எங்கள் துறைக் கண்காட்சியில் மாட்டினார்கள். நான்தான் பக்கத்தில் நின்று விளக்க வேண்டும். அம்மாவை வரச் சொன்னேன். மாதம் முடிய இருந்தது.

அம்மா கடையிலிருந்து நேராக, கடைப் பெண்களுக்குக் கொடுக்கிற யூனிபார்ம் புடவையிலேயே வந்தாள். ஹால் வாசலில் செருப்பைக் கழற்றி விட்டாள். "போட்டுக்கினே வாம்மா" என்றேன். கேட்கவில்லை. உள்ளே வந்து, கறுப்பும் வெள்ளையுமாக இருந்த தாளைப் பார்த்தாள்.

"எக்ஸ்ரே மாதிரி இருக்குது. படி பாப்போம்."

விரல் வைத்துப் படித்தேன். சாப்பாடு. பாய். எண்ணெய்.

"யாருக்கு?"

"படிக்கிற பசங்களுக்கு."

"நம்மள மாதிரி பசங்களுக்கா?"

பொய் சொல்ல எனக்கு வராது. "இல்லம்மா. அங்க வேதம் படிச்சாங்க. நம்மள அந்த மதில் பக்கம்கூட வுட்டிருக்க மாட்டாங்க."

அம்மா தாளையே பார்த்தாள். "நீ அதுமேல கை வெச்சியா?"

"வெச்சேன். ரெண்டு கையையும் வெச்சிக்கினு அரை நாள் நின்னேன்."

அதற்குள் வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் கூட்டமாக ஆட்களோடு வந்தார். அம்மா சட்டென்று பின்னால் நகர்ந்து சுவரோரம் போனாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, தாளுக்குக் கீழே நாங்கள் எழுதி வைத்திருந்த விளக்கத்தைப் படித்தார்.

"தப்பா எழுதி வெச்சிருக்கீங்கம்மா. கோயில் கல்வெட்டுல எண்ணெய்ன்னா விளக்கு எண்ணெய்தான். குளிக்கிறதுக்கு எண்ணெய் குடுத்தான்னு எவன் சொன்னது? பொம்பளைப் பசங்க கதை கட்டறீங்க."

உச்சந்தலை சூடாகிவிட்டது. பழைய ஸ்டெல்லாவாக இருந்தால் அவர் தாத்தா பெயர் வரை இழுத்திருப்பேன். ரேணுகா என் சுடிதார் பின்பக்கத்தைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். நான் மூச்சு விட்டேன்.

"அப்படி எங்க ஐயா இருக்குது? காட்டுங்க."

அவர் தாளைப் பார்த்தார். விரலைத் தூக்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் விரல் அந்தரத்தில் நின்றது.

"நான் காட்டறேன் ஐயா. இது சனி. இது எண்ணெய். விளக்கு எண்ணெய் தனியா இங்க இருக்குது, பாருங்க. சனிக்கிழமை மட்டும்தான் விளக்கு ஏத்துவாங்கன்னா, மத்த நாள் பசங்க இருட்டுலயா படிப்பாங்க?"

கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பெரியவர் குனிந்து, நான் காட்டிய இடத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார்.

"சரிதாம்மா. ஒத்துக்கறேன். எந்த ஊரு நீ? யாரு வூட்டுப் பொண்ணு?"

இந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். நான் சுவரோரம் கையைக் காட்டினேன்.

"முசரவாக்கம். அதோ நிக்கறாங்களே, அவங்க பொண்ணு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யூனிபார்ம் புடவையில், செருப்பு இல்லாமல், அம்மா. பெரியவர் அம்மாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அம்மாவுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒரு வழியாகக் கும்பிட்டாள்.

### ஆட்டோவில்

வீட்டுக்கு ஷேர் ஆட்டோவில் வந்தோம். நெருக்கி உட்கார்ந்திருந்தோம். பாதி வழியில் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அவரு யாருன்னு தெரியுமாடி? நம்ம கடைக்கு வர்றவரு. கல்யாணப் புடவைன்னா வூட்டோட வந்து உக்காருவாரு. எங்க மொதலாளியே அவருகிட்ட எதிர்ப்பேச்சு பேச மாட்டாரு."

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

"உன்ன திட்டல. நீ கத்தவே இல்லியே? கத்தாம சண்ட போட்டு ஜெயிச்சியே, அத சொல்றேன்." அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நான் இத்தினி வருசமா அவரு பிரிச்சுப் போட்டத மடிச்சிக்கினு இருக்கறேன். ஒரு நாளுகூட நிமிந்து பாத்ததில்ல."

அந்த நேரத்தில் அம்மாவின் போன் அடித்தது. சேகர். ஆட்டோ சத்தத்தில் ஸ்பீக்கரில்தான் போட வேண்டியிருந்தது.

"இன்னாக்கா, நாளைக்கி வேனுக்குப் பொண்ண அனுப்பறியா? ஆளுங்க கேட்டுக்கினு இருக்காங்க."

"இல்லபா. வேற யாருக்காவது குடுத்துடு."

"ஏங்க்கா? நல்ல கம்பெனிக்கா. வேற எங்கனா வேலைக்கி சேத்துட்டியா?"

அம்மா ஆட்டோவில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, என்னைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

"ஆமாபா, சேத்துட்டேன். படிக்கற வேலை. அது இன்னும் முடியல."